நல்லாப் பெய்யும்

ஆடி 5, திங்கள்
காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. எங்கள் ஊர் சிங்கவரத்திலேயே சர்வே, இன்று முதல் நாள். போன், சார்ஜர், தண்ணீர் பாட்டில். குடை மறந்தாச்சு.

கே. 1: பருவநிலை மாற்றம் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? பாதிப் பேர், "அது இன்னா ஸ்கீம்மா?" ஒரு அக்கா, "ரேஷன் கார்டு எடுத்தாரட்டுமா?"

கே. 7: இனி வரும் வருடங்களில் மழை குறையுமா? பதினோரு வீட்டிலும் ஒரே பதில். "நல்லாப் பெய்யும்." கே. 8: கவலை உண்டா? "இல்ல." கிணறு வறண்டு கிடக்கிற வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஆடி 6, செவ்வாய்
செஞ்சியிலிருந்து சூப்பர்வைசர் போன். "இன்னாம்மா, எல்லா ஃபார்மும் ஒரே மாதிரி இருக்குது? வீட்ல உக்காந்து நீயே போட்டுட்டியா?"

எரிச்சல். பொறுமையாகத்தான் சொன்னேன். இது மல்லாட்டை விதைக்கிற சமயம் சார், விதையை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் மழை வராது என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் பலித்துவிடும் என்று பயம்.

"அதெல்லாம் ஃபார்ம்ல எங்க போடறது? உண்மையான பதில வாங்கு. இல்லன்னா வேற ஆள பாத்துக்கறேன்."

இந்த வேலையும் போனால் அவ்வளவுதான்.

ஆடி 8, வியாழன்
மேகம் கோட்டை மலை வரை வந்தது. திரும்பிப் போய்விட்டது.

எதிர் வீட்டு அத்தை விதைக்கு மல்லாட்டை உடைத்து, வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் அத்தை என்று கெஞ்சினேன். முறத்தை முந்தானையால் மூடினார். "வெதைக்கிற நேரத்துல நீயுமா இப்படி கேக்குற? எழுந்து போ."

கூசிப் போனேன். போனில் 'கவலை இல்லை' என்றே அழுத்தினேன். பொய்தான். வேறு எதை அழுத்துவது?

வாங்க: சோப்பு, நைனாவுக்கு பிரஷர் மாத்திரை.

ஆடி 9, வெள்ளி
புழுக்கம். இரண்டு தடவை கரண்ட் போனது. ஒரு ஃபார்ம் பாக்கி. நைனாவிடமே கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவருக்கும் மானாவாரி நிலம்தான், பதில் தெரிந்ததுதானே. விரலை 'குறையாது' மேல் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"மழை குறையுமா நைனா?"

"கொறையும். இனிமே அத நம்பி பிரயோஜனம் இல்ல. போடு."

"கவலை?"

"ரொம்ப. அதையும் போடு."

அப்பாடா, ஒருத்தராவது உண்மையைச் சொன்னாரே. சந்தோஷமாக அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் உறைத்தது.

"நைனா, நம்ம விதை?"

"காலையிலயே மண்டியில போட்டு வித்துட்டேன். இந்த வருசம் வெதைக்கல." என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. ஃபார்ம் இன்னும் போனிலேயே இருக்கிறது. அனுப்ப மனசு வரவில்லை.