அணைத்தது நான்தான்

மச்சான்,

இன்று மாமல்லபுரத்தில் அந்தக் கடற்கரை விடுதிக்கே மறுபடி போனேன். வைஃபை பெட்டியின் மூடியைக் கழற்றியதும் துருவும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை அடித்தது. உன் நினைப்பு வந்துவிட்டது. எனக்கு இப்போது ஏணி ஏறினாலே முட்டி வலிக்கிறது. அலுத்துவிட்டது, போ.

அங்கே சாப்பாட்டுக் கூடத்தின் பில் மெஷின் ஒரு கோடியில், ரிசப்ஷன் கம்ப்யூட்டர் மறுகோடியில், நடுவில் கருங்கல் சுவர். ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்காது. இரண்டும் ஒரே நேரத்தில் பேச, வைஃபை பெட்டிக்கு எதுவும் விளங்காது. அதனால் அன்றைக்குப் பெட்டி மாட்டியபோது நீ புரொடெக்‌ஷன் மோடைப் போட்டாய். ஒவ்வொன்றும் பெட்டியிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் பேச வேண்டும். "கேட்டுக்கினு பேசட்டும் மச்சான். கொஞ்சம் ஸ்லோவானா இன்னா, முட்டிக்காது இல்ல" என்றாய்.

விடுதி முதலாளி செல்போனில் ஸ்பீடு பார்த்து முகம் சுளித்தார். நீ டீ குடிக்கப் போயிருந்தாய். நான் அதை அணைத்தேன். ஸ்பீடு ஏறியது, அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன்னிடம் மூச்சு விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கூட்டம். ஒரு பில்லும் போகவில்லை. நம் கம்பெனி மேனேஜர் ஓடிவந்து பார்த்துவிட்டு, மோடே போடவில்லை என்றார். முதலாளி எல்லார் முன்னாலும் உன்னை ஏசினார். "நான் போட்டுட்டுதான் சார் போனேன்" என்று ஒரே ஒருமுறை சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன், பாவி. மறுநாளே உன்னை வெளிவேலையிலிருந்து எடுத்து, கேளம்பாக்கம் ஆபீஸில் போன் எடுக்க உட்கார வைத்தார்கள். மாரடைப்பு வந்து நீ போய்ச் சேரும்வரை அங்கேதான் இருந்தாய்.

இன்றும் பில் சிக்குகிறது என்றுதான் கூப்பிட்டார்கள். புதுப் பெட்டி மாட்டியவர்கள் மோடைப் போடாமல் விட்டிருந்தார்கள். போட்டுவிட்டு முதலாளியிடம் போனேன். அன்றைக்கு அணைத்தது நான், அவன்மேல் தப்பே இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"யாருப்பா அது? எனக்கு ஞாபகமே இல்லியே."

திருப்போரூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும். மூன்று வருஷம் தினமும் மத்தியானம் உன் மேசையில்தான் டப்பாவைப் பிரித்தேன். நீ குழம்பு ஊற்றுவாய், நான் தின்பேன். சொல்ல வேண்டிய ஆள் எதிரிலேயே இருந்தான்.