விரிப்பின் அந்த முனை

மார்ச் 4, திங்கள்

பிரஷர் 150/90.

தினமும் சாயந்தரம் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார் டாக்டர். வீட்டுக்காரர் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று தேதி போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு நம்பரை எழுத ஒரு பக்கமா? மிச்ச இடம் சும்மா கிடக்கிறது. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். அங்கே காலி இடம் விட்டால் டீச்சர் காதைத் திருகுவார். அந்தப் பயத்தில் எழுதுகிறேன்.

இன்று சலவைக் கூடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நானூறு விரிப்பு வந்தது. நானும் என் ஜோடியும் மதியத்துக்குள் பாதிக்கு மேல் மடித்துவிட்டோம். கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடித்தால் தரையைக் கூட்டும். ஆளுக்கு ஒரு முனை வேண்டும். உதறி, இழுத்து, பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, கடைசியில் முனையோடு முனை சேர்க்க வேண்டும். நாலு வருஷமாக இதுதான் வேலை. வாய் அதுபாட்டுக்குப் பேசும், கை அதுபாட்டுக்கு மடிக்கும்.

அவள் வேறு இனம். கூடத்தில் அந்த ஆட்களில் அவள் ஒருத்திதான். நல்ல கறுப்பு. வந்த அன்றே "மைடப்பா" என்று பேர் வைத்தேன். சிரித்தாள். இப்போது எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் பேர் வைக்காத ஆள் அங்கே கிடையாது. இஸ்திரி போடுகிறவர் ஒல்லி, நீளக் கழுத்து, அவர் கொக்கு. சூப்பர்வைசர் சுவரில் மணியைப் பார்த்துத்தான் யாரிடமும் பேசுவார்; அவர் கடிகாரம்.

மார்ச் 6, புதன்

150/92. உப்பைக் குறைத்தும் இறங்கவில்லை. "வாயைக் குறை, தானா இறங்கும்" என்கிறார் வீட்டுக்காரர். உப்பில்லாமல் சமைத்துப் போட்டால் எந்த மனுஷனுக்கும் இப்படித்தான் பேச்சு வரும்.

மதியம் சாப்பாட்டு அறையில் ஒரே ஒரு செய்திதான். எங்கேயோ ஒரு கிடங்கு வாசலில் ராத்திரி காவலாளிகள் ஒருவனைத் திருடன் என்று அடித்துப் போட்டுவிட்டார்கள். அவன் அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறவனாம். என் ஜோடியின் இனம். நினைவில்லாமல் கிடக்கிறான். கொக்கு போனை எல்லார் மூக்குக்கும் கீழே நீட்டினார்.

"சும்மா போறவனையா அடிப்பாங்க? ஏதாவது பண்ணியிருப்பான்."

"நீ பாத்தியா?" என்றார் தையல்காரி அக்கா. கிழிந்து வருவதற்கெல்லாம் ஒட்டுப் போடுகிறவர்.

கொக்கு என் ஜோடியின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. உங்க ஆளுங்க ஏன் அந்த நேரத்துல அங்க சுத்துறாங்க?"

"வேலை முடிஞ்சு போயிருப்பான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

நாலு பேர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு வாய் அரிக்கும். கொக்குக் கழுத்துக்கு எத்தனை முழம் துண்டு வேண்டும் என்று ஏதோ சொன்னேன். சிரித்தார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மார்ச் 7, வியாழன்

156/95.

கையை மீறிப் போய்விட்டது. கையை இல்லை, வாயை.

இன்றும் அதே செய்தி. காவலாளி கொடுத்த வாக்குமூலத்தைக் கொக்கு உரக்கப் படித்தார் — "இருட்டுல ஆளே தெரியல, பயந்துட்டோம்." படித்து முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அந்த அறை தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. நட்டநடுப் பகலில் கும்மிருட்டு.

நான் கத்தினேன். "ஏய் மைடப்பா, சிரிடி! எங்க இருக்கேன்னு தெரியட்டும்!"

எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். லைட் வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டு முழுக்க அப்படித்தான் பார்த்திருப்பாள் போல.

மதியத்துக்கு மேல் மடித்தது எல்லாம் கோணல். கடிகாரம் அறுபது விரிப்பைத் திருப்பி அனுப்பினார்.

மார்ச் 8, வெள்ளி

154/94.

அவள் மடிக்கிற மேஜைக்கு வரவில்லை. கடிகாரத்தைக் கேட்டேன். "அழுக்கு பிரிக்கிற ரூமுக்கு மாத்திக் கேட்டாங்க. நானே ரெண்டு தடவை கேட்டுப் பாத்துட்டேன், வேணும்னா வேணுங்கிறாங்க. யாராவது கேட்டு வாங்குற இடமா அது?"

இல்லை. ஆஸ்பத்திரி மூட்டையை முதலில் அவிழ்க்கிற இடம் அது. ரத்தம், வாந்தி, சில நாள் யாருடையவோ பல் செட்டு. மூக்கைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்க வேண்டும். என் பக்கத்தில் நிற்பதைவிட அது தேவலையா?

நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? கொக்கு கொக்குன்னு சொல்றேன், அவர் அழுதாரா? என்னைக்கூட எல்லாரும் பீப்பாய்ங்கிறாங்க, நான் ரூம் மாத்திக் கேட்டேனா? நாலு வருஷமா சிரிச்சவ இப்ப என்ன புதுசா? பிடிக்கலைன்னா சொல்றதுக்கு என்ன?

மார்ச் 11, திங்கள்

150/92.

தையல்காரி அக்காவை எனக்கு ஜோடியாகப் போட்டார்கள். முதல் விரிப்பை உதறினோம், இழுத்தோம், பாதியாக்கினோம். நான் நின்றேன். அவரும் நின்றார்.

"என்ன, சிலை மாதிரி நிக்கிற?"

"நீங்க வாங்கக்கா."

"நான் எதுக்கு வரணும்? உன் கால் என்ன தரையில முளைச்சிருக்கா?"

அப்போதுதான் தெரிந்தது. முனையோடு முனை சேர்க்க யாராவது ஒருவர் நடந்தாக வேண்டும். நாலு வருஷமாக நான் நடந்ததே இல்லை. அவள்தான் வருவாள். மூன்று எட்டு வந்து, முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மூன்று எட்டு பின்னால் போவாள். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு! நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

மத்தியானம் அழுக்கு அறைக்குப் போனேன். நல்லபடியாகப் பேசத்தான் போனேன். கதவைத் திறந்ததும் வாய் முந்திக்கொண்டது.

"என்னடி இன்னும் கோவமா? முகம் கறுத்துப் போச்சே!"

சத்தியமாக வழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன நொடியே கதவில் தலையை மோதிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் கையுறையைக் கழற்றவில்லை. நிதானமாகத்தான் பேசினாள்.

"என் தம்பியும் கிடங்கு வேலைதான். அவனும் அந்த நேரத்துக்குத்தான் முடிச்சு வருவான். அவன் செருப்புச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு வாயில சோறு இறங்காது. நீ என்னை இருட்டுல சிரிக்கச் சொல்ற."

திரும்பி அடுத்த மூட்டையை அவிழ்த்தாள். நான் வந்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்

பிரஷர் பார்க்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

152/90.

பாத்திரம் கழுவும்போது என் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. அலங்கரித்து என்னை வெளியே கூட்டி வந்தார்கள். மாமியார் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு கை பவுடர் அப்புங்கடி, போட்டோவில பொண்ணு தெரிய வேணாமா?" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அழுதால் மை கலைந்துவிடும்.

இருபத்தாறு வருஷம் ஆகிறது. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போட்டோ பெட்டிக்கு அடியில் இருக்கிறது. நான் எடுத்துப் பார்ப்பதில்லை.

அவள் நாலு வருஷமாகச் சிரித்ததும் அந்தச் சிரிப்புதானா?

என்னை பீப்பாய் என்கிறார்கள், சரி. பீப்பாய் என்று நினைத்து என்னை எவனும் வாசலில் போட்டு அடிக்கப் போவதில்லையே.

மார்ச் 18, திங்கள்

154/92. இன்று இன்னொரு முட்டாள்தனம்.

சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று கையைத் தட்டினேன். "எல்லாரும் கேளுங்க. இனிமே யாரும் இவளை மைடப்பான்னு கூப்பிடக் கூடாது. அவ மனசு கஷ்டப்படுது." ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி உட்கார்ந்தேன். வண்டி ஓட்டுகிறவர், லாண்டரி மேனேஜர், புதிதாக வந்த ரெண்டு பேர் — எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அந்தப் பேரைக் கேட்டிராத ரெண்டு பேரும் இப்போது கேட்டுவிட்டார்கள்.

வெளியே வரும்போது பக்கத்தில் வந்தாள். "உன்னை நான் கேட்டேனா? உனக்குத் தொண்டை இருக்கு. என்னைப் பத்தி அதைத் தொறக்காத. அது போதும்."

சாயந்தரம் வீட்டுக்காரர், "என்ன இன்னைக்கு வானொலி ஓடல?" என்றார்.

மார்ச் 21, வியாழன்

146/90.

அடிபட்டவன் கண் திறந்துவிட்டானாம். கிடங்கு வாசலில் அவன் ஆட்கள் கூடி நின்று நியாயம் கேட்கிறார்கள். கொக்கு சும்மா இருப்பாரா? மூலை மேஜையில் அவள் அப்போதுதான் டப்பாவைத் திறந்திருந்தாள்.

"அதான் பொழச்சுட்டானே! இன்னும் எதுக்குக் கூட்டம் போடுறாங்க உங்க ஆளுங்க?"

அவளைப் பற்றி வாய் திறக்காதே என்றாள். கொக்கைப் பற்றித் திறக்கலாமே.

"கொக்கு, இங்க பாரு. போன மாசம் எவனோ ஒரு இஸ்திரிக்காரன் பெட்டியை அணைக்காமப் போயி கடை எரிஞ்சுதே, படிச்சியா?"

"படிச்சேன், அதுக்கென்ன?"

"உங்க ஆளுங்க ஏன் இப்படி?"

"யக்கா, அவன் எவன்னே எனக்குத் தெரியாது!"

"அதெப்படி? இஸ்திரிக்காரன்தானே? ஒல்லியா வேற இருந்தானாம். பதில் சொல்லிட்டுச் சோத்துல கை வை."

"நான் எதுக்கு அவனுக்குப் பதில் சொல்லணும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

தையல்காரி அக்காவுக்குப் புரையேறிவிட்டது. கொக்கும் சிரித்தார். அப்புறம் கழுத்தைத் தடவிக்கொண்டு, "சரி விடு, சரி விடு" என்று தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். மனுஷன் கெட்டவர் இல்லை. யாரும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். என்னை மட்டும் யார் கேட்டார்கள்?

நான் மூலை மேஜையைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது ஓரக்கண்ணில் பட்டது. டப்பா காலி.

மார்ச் 25, திங்கள்

144/88.

அழுக்கு அறைக்குப் போனேன். இந்த முறை வாய்க்குப் பூட்டு மாதிரி முகமூடியை முதலிலேயே கட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்று ஒரு மூட்டையை அவிழ்த்தேன். பாதி பிரித்த பிறகுதான் பூட்டைத் திறந்தேன்.

"தப்பு என் மேலதான். அன்னைக்கு இருட்டுல சொன்னது மட்டும் இல்ல. முதல் நாள்லேர்ந்தே."

அவள் தலையணை உறைகளைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா நீதான் நடந்திருக்க. நான் பாக்கவே இல்ல."

"நான் வந்த முதல் வாரம் நீ முட்டி வலிக்குதுன்ன. அதான் நடந்தேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ரெண்டு நாள் வலி. அவள் நாலு வருஷம் நடந்துவிட்டாள்.

"இனிமே உன்னை என்னன்னு கூப்பிட?"

"பேர் இருக்குல்ல? கழுத்துல தொங்குது, பாரு."

அட்டையைப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீளமான பேர். நடுவில் ஒரு இடத்தில் நாக்கு தடுக்கியது. மூன்று தடவை சொல்ல வைத்தாள். நாலாவது தடவைக்கு, "பரவால்ல" என்றாள்.

திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 28, வியாழன்

144/88. பேரை உருப்போட்டுக்கொண்டே சமைத்ததில் குழம்பு தீய்ந்துவிட்டது. வீட்டுக்காரர், "யார் இது, உன் சிநேகிதியா?" என்றார். தெரியலீங்க என்றேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலையில் தையல்காரி அக்காவிடம் கிழிசல் மலையாகக் குவிந்துவிட்டது. கடிகாரம் சுவரைப் பார்த்துக்கொண்டே வேறு ஆள் அனுப்புகிறேன் என்று போனார். நான் ஒரு விரிப்பை எடுத்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த முனை தரையில் கிடந்தது.

யாரோ அதை எடுத்தார்கள்.

உதறினோம். இழுத்தோம். பாதியாக்கினோம். அவள் காலை எடுப்பதற்குள் நான் நடந்தேன். மூன்று எட்டு. முனையை அவள் கையில் கொடுத்தேன். மூன்று எட்டு பின்னால் வந்தேன்.

"முட்டி?" என்றாள்.

"அது பாட்டுக்கு இருக்கு."

ஐம்பது விரிப்பு தாண்டியதும் மூச்சு வாங்கியது. அவள் ஒரு முறை பார்த்தாள். அடுத்த விரிப்புக்கு அவள் நடந்தாள், அதற்கடுத்ததற்கு நான். அப்படியே மதியம் வரைக்கும். பேச்சு அதிகம் இல்லை. கடிகாரம் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

வலது முட்டி வீங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, எங்கே விழுந்தாய் என்று நாலு தடவை கேட்டுவிட்டார்.

136/84.