இல்லாத பஸ்ஸிலிருந்து இறங்கியவன்

அண்ணே,

ஒரு வாரமாக நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்னப் போத்தல் வைத்திருப்பீர்களே, அதே தைலம்தான். மூடியைத் திறந்தால் நம்முடைய பஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. நீங்கள் எங்களை விட்டுப் போய் மூன்று வருஷமாகிவிட்டது. இன்னும் அந்த வாசனை வந்தவுடன் கொண்டக்டர் காசுப் பை தோளில் இருக்கிறதா என்று கை தானாகத் தடவிப் பார்க்கிறது.

நெற்றி எப்படிப் புடைத்தது என்று கேட்பீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இரும்பு அலுமாரியில் இடித்துக்கொண்டேன். அலுமாரி இருந்தது, பஸ்தான் இல்லை. சிரிக்காமல் கேட்பதென்றால் சொல்கிறேன்.

உங்கள் மகள் ஸ்டெல்லாவுக்கு வான் சாரதி வேலை வந்திருக்கிறது. ரிவர்ஸ்டன் மலை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்குகிற ஒரு ஹோட்டலில். ஆனால் அதற்கு முன்னால் மாத்தளை டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாஸாகிக் காட்ட வேண்டுமாம். அங்கே எடுத்த எடுப்பில் நிஜ வண்டியைத் தொட விடமாட்டார்கள். முதலில் கம்ப்யூட்டர் வண்டி. ஒரு நாற்காலி, ஒரு ஸ்டியரிங், மூன்று பெடல், அவ்வளவுதான். கண்ணை மறைக்கிற மாதிரி பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். மாட்டியதும் அறை போய் ரோடு வந்துவிடுகிறது. தலையைத் திருப்பினால் பின்னால் வருகிற த்ரீவீல் கூடத் தெரிகிறது. மழை, கொண்டை ஊசி வளைவு, குறுக்கே ஓடுகிற மாடு எல்லாம் உள்ளே வைத்திருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தால் ஒரு பொத்தானை அமுக்கி மறுபடி ரோட்டில் நிறுத்திக்கொள்ளலாம். நாம் ஓட்டிய காலத்தில் அந்தப் பொத்தான் இருந்திருந்தால் அண்ணி அத்தனை மெழுகுதிரி வாங்கியிருக்கத் தேவையில்லை.

பிள்ளைக்கு மழையும் சரி, மாடும் சரி. பனிமூட்டத்தில் மட்டும் இரண்டு தடவை தவறிவிட்டாள். மூன்றாவதும் தவறினால் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். அண்ணி வேறு, "போதும்டி, பேசாம திரும்ப கார்மென்ட் வேலைக்கே போ" என்று பிடித்துக்கொண்டார். அவள் எனக்கு போன் எடுத்தாள். "மாமா, ஒருக்கா வந்து பாருங்க. நான் என்ன பிழை செய்றேன்னு எனக்கே விளங்கல."

அவளுக்கு இந்த ஓட்டுகிற பைத்தியம் எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும். இரத்தோட்டை ஸ்டாண்டில் சாப்பாட்டு நேரத்தில் போனில் பஸ் ஓட்டி விளையாடுவாள். ஒரு நாள் நீங்கள் அதைப் பிடுங்கி ஓட்டினீர்கள். இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதர், அரை நிமிஷத்தில் பஸ்ஸைக் கடலுக்குள் இறக்கினீர்கள். "பிரேக்க எங்கடா வச்சிருக்கான் இதுல?" என்று என்னைத்தான் ஏசினீர்கள். அப்புறம் வந்த நாலு நாளும் அவளிடம் இரவல் வாங்கி விளையாடினீர்களே, அதை நான் வீட்டில் சொல்லவில்லை. இப்போது அதே ஸ்டாண்டில் ஆட்கள் போனைப் பார்த்தே பஸ் எந்த வளைவில் வருகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். நம்முடைய ஹோர்ன் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றவர்கள்தான்.

நான் போனேன். பயிற்றுநர் நுவன், நாவுலக்காரர், முப்பது வயதிருக்கும். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் என்னை உட்கார வைத்து எனக்கும் ஒரு கண்ணாடியை மாட்டினார். ரோடு ஏறியது. தேயிலை போனது. பிறகு பனி வந்தது அண்ணே. நிஜப் பனி மாதிரியே, முதலில் மலையைத் தின்று, பிறகு ரோட்டைத் தின்று, கடைசியில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. ஸ்டெல்லா வண்டியை நிறுத்தினாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "இரு பிள்ள" என்று சொல்லிக்கொண்டே எழும்பி, இறங்கி, முன்னால் நடந்தேன். மூன்றாவது எட்டில் அலுமாரி.

உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. பனி இறங்கினால் நீங்கள் பஸ்ஸை நிறுத்துவீர்கள். நான் வெள்ளைத் துவாயை முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு ரோட்டோரமாக முன்னால் நடப்பேன். நீங்கள் அந்த வெள்ளையைப் பார்த்து ஊர்ந்து வருவீர்கள். முதல் தடவை நான் இறங்காமல் படியிலேயே நின்றபோது என்ன சொன்னீர்கள்? "பயப்படாதடா. நீ விழுந்தா சத்தம் கேக்கும். நான் ஒடனே நிப்பாட்டிருவேன்." அதைக் கேட்டு பஸ்ஸே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் பயம் போய்விட்டது.

நுவன் என்னைத் தூக்கிவிட்டு, "அங்கிள், எங்க போனீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்பு நின்றது. அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். "நீங்க அதுக்கா நிப்பாட்டுறீங்க?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கப்பா நிப்பாட்டுவாங்க. மாமா இறங்குவாரு. அதுக்கப்புறம்தான் எனக்குப் பெடல்ல கால் வரும்."

பள்ளிக்கூட லீவில் முன் சீட்டில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது உங்களை மட்டுமில்லை, என் முதுகையும்தான். வளைவின் நடுவில் நிறுத்திவிட்டு, இறங்கி நடக்க ஓர் ஆள் வருவார் என்று காத்திருக்கிறாள். அதற்குள் பின்னால் கம்ப்யூட்டர் லொறி வந்து மோதுகிறது. வானில் கொண்டக்டர் கிடையாது என்று நுவன் சொன்னார். நம் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் பிள்ளையின் வாயில் மண்ணைப் போடுகிறதே என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து நுவன் கூப்பிட்டார். ஹாலில் இருந்த மேசை, அலுமாரி எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டி, இரண்டு கையிலும் ஏதோ பிடிகளைக் கொடுத்து, "நடங்க அங்கிள்" என்றார். சுவருக்கும் சுவருக்குமாக நடந்தேன். அதை மெஷின் எடுத்து, நீட்டி, ஒட்டி, ரிவர்ஸ்டன் வரைக்கும் நடக்க வைத்தது. பிறகு ஸ்டெல்லா ஓட்ட, நான் சுவர் டிவியில் பார்த்தேன். துவாயோடு ஒருவன் பனிக்குள் போகிறான். முகமில்லை, ஆனால் நடை என்னுடையது. இவ்வளவு கூனலா அண்ணே எனக்கு? ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

அவளுக்குக் கால் வந்தது. நாலு தடவை என் முதுகைப் பார்த்துப் பிசகாமல் ஓட்டினாள்.

நேற்றுத்தான் மூன்றாவது பரீட்சை. தொடங்கும் முன்னால் நுவன் என் காதில், "ரெண்டாவது வளைவுல ஒங்கள அழிச்சிருவேன். அவங்களுக்குச் சொல்லாதீங்க" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதும் தெரிந்தது. இரண்டாவது வளைவில் நான் இல்லாமல் போனேன். டிவி முழுக்க வெள்ளை. அண்ணே, நான் மாதாவைக் கூப்பிட்டேன், உங்களையும் கூப்பிட்டேன். வான் வேகம் குறைந்தது. நிற்கப் போகிறது என்று நினைத்தேன். உங்களை மாதிரியே இரண்டு குட்டி ஹோர்ன் அடித்தாள். பிறகு நடக்கிற வேகத்தில், ஓரத்தை விடாமல், ஊர்ந்து ஊர்ந்து வெயிலுக்கு வந்துவிட்டாள்.

கண்ணாடியைக் கழற்றியதும் என்னிடம்தான் வந்தாள். "மாமா, கடைசியில ரொம்ப முன்னுக்குப் போயிட்டீங்க. ஆளே தெரியல."

"தெரியாம எப்படிப் புள்ள வந்த?"

"முன்னுக்குத்தானே போயிருக்கீங்க. விழுந்திருந்தா சத்தம் கேட்டிருக்குமே."

உங்கள் வாய், உங்கள் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. நெற்றி வலிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். திங்கட்கிழமை அவள் கையில் நிஜ வானைக் கொடுக்கப் போகிறார்கள்.

இத்தனை வருஷமும் முன்னால் நடந்தவன் நான், பின்னால் வந்தவர் நீங்கள். இப்போது நீங்கள் முந்திவிட்டீர்கள். ஆள் தெரியவில்லை. ஆனால் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் நானும் மெதுவாக வந்துகொண்டிருக்கிறேன். துவாய் என்னிடம்தான் இருக்கிறது.