அமெரிக்காவுக்கு மஞ்சள் தடவிய கடுதாசி

10 ஜூன் 2025, செவ்வாய்

இன்று பாவாடையின் டீக்கடையில் முக்கால் மணி நேரம் உலக விவகாரம் பேசினேன். பதினைந்து பேர் கேட்டார்கள். ரோட்டில் நின்றவர்களையும் சேர்த்தால் நாற்பது. அமெரிக்காவும் நாமும் சம்பந்தி வூட்டுக்காரங்க மாதிரி, உள்ளே ஆயிரம் முறைப்பு இருக்கும், சபையில் விட்டுக்கொடுக்க மாட்டாங்க என்று விளக்கினேன். ரெண்டு தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டதை டிவியில் பார்த்தேனே, அது சும்மாவா? எட்டாவதோடு நின்றவன் பேச்சு மாதிரியா இருக்கு என்று பாவாடையே அசந்துபோனான்.

அதே சூட்டில் தங்கச்சி கொளஞ்சியம்மாள் வீட்டுக்குப் போய் அவள் மகள் விஷயத்தையும் முடித்தேன். ஜெயசுதா சங்கராபுரம் ஜவுளிக்கடையில் மூணு வருஷமாகப் புடவை எடுத்துக் காட்டி, மடித்து வைக்கிறாள். திருப்பூர் கம்பெனியில் தையலுக்கு ஆள் எடுக்கிறார்கள். அத்தனையும் அமெரிக்காவுக்குப் போகிற சட்டை.

"கடைய விட்டுட்டா திரும்ப சேத்துக்க மாட்டாங்க மாமா."

"தாய்மாமன் சொல்றேன், கெளம்பு. அமெரிக்காக்காரன் சட்டை போடாம இருப்பானா?"

சரி என்றுவிட்டாள். என் சொல்லுக்கு இந்த வூட்ல மறுசொல் கிடையாது.

2 ஆகஸ்ட், சனி

நம்ம சரக்குக்கு அமெரிக்கா இருபத்தஞ்சு சதவீதம் வரி போடுதாம். சம்பந்தி சண்டை. ஒரு வாரம் தாங்காது.

27 ஆகஸ்ட், புதன்

இன்றிலிருந்து ஐம்பது! ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்கினோமாம், அதுக்குத் தண்டனை. நம்ம வூட்டு எண்ணெய எந்தக் கடையில வாங்கணும்னு சம்பந்தி சொல்றதா? இன்னா மனுஷங்க இவங்க! எத்தனை பேரிடம் இவங்களுக்காகப் பேசினேன் — என்னை சபையில் உட்காரவைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்கள். கூட்டாளி செய்கிற வேலையா இது?

29 ஆகஸ்ட், வெள்ளி

ஜெயசுதா பையோடு வந்து இறங்கினாள். ஆர்டர் நின்றுபோச்சு, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று அறுபது பேரை அனுப்பிவிட்டார்களாம். நேராக ஜவுளிக்கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே வேறு பெண் நிற்கிறாளாம்.

தங்கச்சி எனக்குச் சோறு போட்டுவிட்டு, மகளின் பையை உள்ளே எடுத்து வைக்கப் போனாள்.

டீக்கடையில் மட்டும், மருமக லீவுல வந்திருக்கா, கம்பெனி கார்லயே கொண்டாந்து வுட்டாங்க என்று சொல்லிவைத்தேன். ஏசி கார்.

30 ஆகஸ்ட், சனி

சும்மா இருக்க முடியுமா? சென்னையில் இருக்கிற அமெரிக்கா ஆபீசுக்குக் கடுதாசி எழுதினேன். நாலு பக்கம். உறவு முறிகிற நேரத்தில் வெறுங்காகிதம் போகக் கூடாது என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன், கல்யாணப் பத்திரிகை மாதிரி. ரெண்டு தரப்பும் இங்கே வந்து பேசினால் சாப்பாடு என் பொறுப்பு என்றும் போட்டிருக்கிறேன். பதிவுத் தபால், ஒப்புகைச் சீட்டோடு. "யாருக்குங்க?" என்று தபால்காரம்மா ரெண்டு தடவை கேட்டார்.

9 செப்டம்பர், செவ்வாய்

சீட்டு திரும்பி வந்தது! ரப்பர் முத்திரை, இங்கிலீஷ் கையெழுத்து. கடையில் தூக்கிக் காட்டினேன் — "அமெரிக்கா பதில் போட்டுட்டான்!" பாவாடை டீக்குக் காசு வாங்கவில்லை. பால் வாங்க வந்த ஜெயசுதா சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"மாமா, இது தபால் கெடச்சுதுன்னு யாரோ போட்ட கையெழுத்து. பதில் இல்ல."

"அப்போ அந்த ஏசி காரு?" என்றான் பாவாடை.

"காரா? சேலத்துல பஸ்ஸு மாறி, நின்னுக்கினே வந்தேன்."

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, கூட்டாளின்னு நம்புனேன், அமெரிக்கா ஏமாத்திட்டான் பாரு என்று அவளிடம் ஆரம்பித்தேன்.

"அமெரிக்கா என்னை ஏமாத்தல மாமா. அதுக்கு என்னை யாருன்னே தெரியாது. நீங்க சொன்னீங்கன்னுதான் போனேன்."

10 செப்டம்பர்

எழுத ஒன்றும் இல்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

தங்கச்சி மக்காச்சோளக் காட்டுக்குக் களை எடுக்கப் போகிறாள். மகளும் கூட. மூணு வருஷம் ஃபேனுக்குக் கீழே நின்ன பொண்ணு. நான் வரப்பு மாறி நடந்தேன். அவர்கள் பார்க்கவில்லை என்று எழுதலாம். பார்த்தார்கள்.

4 பிப்ரவரி 2026, புதன்

வரியைக் குறைக்கப் போகிறார்களாம், ரெண்டு நாடும் பேசி முடித்தாச்சாம். அப்பவே சொன்னேனே! — தொண்டை வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

சாயங்காலம் கம்பெனி சூப்பர்வைசர் ஜெயசுதாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தாள். "அடுத்த வாரமே வந்துரும்மா. இனி பிரச்சனை இல்ல."

"மறுபடி வரி போட்டா எத்தினி நாளைக்கு முன்ன சொல்லுவீங்க சார்?"

"அதெல்லாம் போட மாட்டாங்கம்மா."

"போட்டா? எழுதிக் குடுங்க, வரேன்."

மனுஷன் இழுத்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

8 பிப்ரவரி, ஞாயிறு

ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பமாட்டோம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வந்தது. காலையில் கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு நானாகவே போனேன்.

"நம்பியா போற?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. தெரிஞ்சிக்கினு போறேன்."

திரும்பும் வழியில் பாவாடை கடை. பெஞ்சில் நல்ல கூட்டம். "அமெரிக்காவும் நாமளும் இனிமே எப்படிங்க?" என்று அன்புச்செல்வன் வாத்தியார் கேட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

பாவாடை கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.