பதினொரு தடவை இடப்பக்கம்

ஜூன் 5, வியாழன்

அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது! வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில், வேதியியல் ஆய்வக உதவியாளர். இருபத்துமூன்றாம் தேதி சேர வேண்டும். காலை எட்டேகாலுக்குள் அங்கே இருக்க வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் எட்டரைக்கு முன் போய்ச் சேர முடியாது. நானே நேரம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆனால் கார் இருக்கிறது. என்னைவிட ஒரு வயது பெரிய கார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்பா தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போய்விடுவார். கார் வாரம் முழுக்க வேப்பமரத்தடியில் காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு நிற்கிறது. அம்மாவிடம் லைசென்ஸும் இருக்கிறது. பிறகென்ன?

அப்பாதான். அம்மாவிடம் சொல்லிவிட்டார்: “நேரா ஓட்டிக் காட்டு கனி. சாவி உன்னுது.”

ஜூன் 8, ஞாயிறு

வெள்ளானூர்ப் பக்கம் புதிதாக மனை பிரித்த இடத்தில் நீளமான, ஆளில்லாத சாலை. அம்மா ஓட்ட, அப்பா பக்கத்தில். பின்னால் நான், நோட்டும் பென்சிலுமாக. அப்பா தொழிற்சாலையில் பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருக்கிறார். நூலளவு பிசகினாலும் ஒதுக்கிவிட வேண்டிய வேலை. “கண்ணை நம்பாத, எழுது. லெஃப்ட்டு போறப்பல்லாம் ஒரு கோடு போடு” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினொரு கோடுகள். வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

“ஏங்க, டிரைவிங் ஸ்கூல் வண்டி இப்படிப் போகலைங்க.”

“ஓட்டத் தெரியாதவங்க எல்லாரும் வண்டியத்தான் சொல்லுவாங்க.”

திரும்பி வரும்போது அப்பா ஓட்டினார். உட்கார்ந்ததும் சீட்டை டக்கென்று பின்னுக்குத் தள்ளினார். “என் சீட்டை ஆளாளுக்கு நகத்தினா தண்டவாளம் தேஞ்சிடும்.” அப்புறம் கோடு கிழித்தது போல நேராக வீடு வந்து சேர்ந்தார். என் நோட்டை அவரே வாங்கி அம்மாவிடம் காட்டினார். அம்மா அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் பார்த்ததைத்தானே எழுதினேன்?

ஜூன் 9, திங்கள்

அம்மா பக்கத்து வீட்டில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11, புதன்

பள்ளி விடும் நேரத்தில் மழை. என் வகுப்பு வர்ஷாவின் அப்பா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் ஏதோ உறுத்தியது. குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்த பிறகுதான் என்னவென்று புரிந்தது. அவர் ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கும் கம்பெனி முத்திரை நேராக நின்றது!

நம் காரில் அது வலப்பக்கம் சாய்ந்தே இருக்கும். கார் நேராகப் போகும்போதும் அப்படித்தான். எட்டு வருடமாகப் பின்சீட்டிலிருந்து பார்க்கிறேன். எல்லாக் கார்களுமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் கேட்டேன். “பழைய வண்டி. அது அப்படிப் பழகிடுச்சு” என்றார்.

பழகியது வண்டியா, அப்பாவா?

ஜூன் 12, வியாழன்

காலையில் முன்பக்க இடது டயர் பஞ்சர். அப்பா ஸ்டெப்னியை மாட்டினார். கழற்றியதைப் பார்த்தால், வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறது, உள்பக்கம் கம்பி தெரியும்வரை தேய்ந்திருக்கிறது. பஞ்சர்க் கடைக்காரர் ஒட்டவே மாட்டேன் என்றுவிட்டாராம். “முதல்ல அலைன்மென்ட் பாருங்க சார்.”

ஜூன் 14, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எழுதினாலாவது புரிகிறதா பார்ப்போம்.

அம்பத்தூரில் யூசுப் என்பவரின் அலைன்மென்ட் கடை, சக்கரங்களை நேர்ப்படுத்தும் இடம். மூன்று பேரும் போயிருந்தோம். நான்கு சக்கரங்களிலும் ஏதோ கவ்விபோல மாட்டினார்கள். கம்ப்யூட்டர் திரையில் எண்கள் வந்தன. முன்சக்கரத்து எண்கள் சிவப்பு. முன்சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்க வேண்டுமாம். நம்முடையதில் இடது சக்கரம் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

“இன்னா சார், எத்தினி வருசமா இப்டி ஓட்டிகினு கீறீங்க? கை வலிக்கல?”

“நான் நேராத்தான் ஓட்டறேன்.”

“நேராத்தான் போவும். நீங்கதான் ரைட்டுல இழுத்துப் புடிச்சிகினே ஓட்டறீங்களே. வேற யார்னா சென்டர்ல புடிச்சா, லெஃப்ட்டுல போயிகினே இருக்கும்.”

ஸ்டீயரிங்கை நடுவில் பிடிக்க வேண்டும் என்றுதான் அம்மாவுக்கு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

யூசுப் வண்டிக்கு அடியில் போய் எதையோ தட்டித் திருகினார். எண்கள் பச்சையாயின. சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் அளந்ததை அச்சடித்துக் கொடுத்தார். அப்பா அந்தத் தாளை வெகுநேரம் படித்தார். பத்தாம் வகுப்பில் என் மதிப்பெண் பட்டியலைக்கூட அவ்வளவு நேரம் படிக்கவில்லை.

ஆனால் வெளியே வந்ததும் — கார் வலப்பக்கம் போனது! சாலை நடுவிலிருக்கும் தடுப்பை உரசுவது போல. பின்னாலிருந்து ஷேர் ஆட்டோக்காரர், “யோவ் அண்ணாத்தே, எங்க வர்ற?” என்று கத்தினார். அப்பா திருத்தினார். மறுபடி வலப்பக்கம். “கெடுத்துட்டான்! நல்லா இருந்த வண்டிய கெடுத்துட்டான்!”

திரும்பக் கடைக்கே போனோம். யூசுப் ஏறி உட்கார்ந்து, எங்களையும் ஏற்றிக்கொண்டு, ஆளில்லாத பக்கத்துச் சாலையில் கொஞ்ச தூரம் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். கார் நேராகப் போனது.

“வண்டி கரெக்டா கீது சார். உங்க கை பழைய எடத்துலயே கீது. நாலு நாள்ல வந்துடும்.”

நான் கேட்டேன்: “அப்போ லெஃப்ட்டு போனதெல்லாம் வண்டியாலதானா?”

“ரோடும் லேசா லெஃப்ட்டு பக்கம் சரிஞ்சிதான் இருக்கும் பாப்பா, தண்ணி ஓடணுமில்ல. இப்டி கொஞ்சம், அப்டி கொஞ்சம்.”

அப்படியானால் என் பதினொரு கோடுகளில் எத்தனை வண்டியுடையது? எத்தனை சாலையுடையது? அம்மாவுடையது என்று ஒன்றாவது உண்டா? நான் பொய் எழுதவில்லை. ஆனால் எழுதியது உண்மையுமில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? ஒண்ணுமே புரியல.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி வெள்ளானூர். நோட்டை எடுத்துப் போனேன், ஆனால் திறக்கக் கை வரவில்லை.

“எழுதுடி, எழுது” என்றாள் அம்மா கண்ணாடி வழியாக. “போன வாரம் பதினொண்ணு இல்ல, பதிமூணு. ரெண்டு தடவை நீ எருமைய வேடிக்கை பாத்துட்டு இருந்த.”

காது சூடாகிவிட்டது. அவளும் எண்ணியிருக்கிறாள்!

இன்று இடப்பக்கம் ஒரே ஒரு கோடு. அது குறுக்கே வந்த நாய்க்காக. ஆனால் பாலம் ஏறும்போது மூன்று முறை வண்டி நின்றுபோனது. அதற்கு என்ன கோடு போடுவது என்று தெரியவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

வீட்டு வாசலில் அம்மா வண்டியை அணைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “ஏங்க, ஃபேக்டரியில காலையில முதல் வேலையா என்ன பண்ணுவீங்க?”

“அளக்கற கருவிய சரிபார்ப்போம்” என்றார் அப்பா. சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி புரிந்தது போலிருக்கிறது. இறங்கிப் போய்விட்டார்.

நான் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மாலையில் அப்பா மட்டும் காரை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐந்து சுற்று. மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி அருகில் ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் லேசாக ஒதுங்கி, வெடுக்கென்று திரும்பினார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் போல. பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. யார் பக்கம் நிற்பது?

ஜூன் 20, வெள்ளி

சாவி இன்னும் அப்பா மாட்டும் ஆணியில்தான் தொங்குகிறது. அம்மா கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. நான் கேட்கலாமா? ‘நீதானே கோடு போட்ட’ என்று அம்மா சொல்லிவிட்டால்?

ஜூன் 22, ஞாயிறு

அம்மா புடவையை இஸ்திரி போட்டாள். பர்ஸில் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைத்தாள்.

ஜூன் 23, திங்கள்

நான் எழுந்தபோது அப்பா சைக்கிளில் கிளம்பிப் போயிருந்தார். அம்மாவின் டிபன் பாக்ஸ் மேல் சாவி. அதன் அடியில் நான்காக மடித்த யூசுப் கடைத் தாள். அதில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பச்சை எண்களின் கீழ், தொழிற்சாலையில் தேர்வான பாகத்துக்குப் போடுவது போல, நீல மையில் அவர் கையெழுத்து மட்டும்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “காபி ஆறிடப் போகுது, குடி” என்றாள் என்னிடம்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அவளிடமிருந்து போன்: “வந்துட்டேன்.”

ஜூன் 29, ஞாயிறு

பூந்தமல்லிக்குக் கிளம்பினோம். அப்பா வழக்கம் போல ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. ஒரு வாரமாக அது அம்மாவின் இடம். சீட்டு முன்னால் இருந்தது. அப்பாவின் கை சீட்டுக்கு அடியில் லீவரைத் தேடிப் போனது. டக் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. அப்பா இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

“நீயே எடு, கனி.”

வழி நெடுக அவர் வலது கை மடியில் லேசாக வலப்பக்கம் திரும்பித் திரும்பி வந்தது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.