ஆற்றோர மனை வாங்கியவருக்கு

என்னங்க,

கல்லறைத் திருநாளுக்கு உங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு இப்போதுதான் வந்தேன். காற்றில் இரண்டு முறை அணைந்தது. அழத்தான் போனேன், வாயில் வசவுதான் வந்தது. பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

மந்தாரக்குப்பத்தில் சேவியரோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். உங்கள் மகன் இன்னும் நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட்தான். நாம் முப்பது வருடம் இருந்த குவார்ட்டர்ஸில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் வைத்த முருங்கையை வெட்டிவிட்டார்கள்.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் முன்கூட்டியே மனை தேடினார்கள். வடலூரில் மேட்டு நிலமாக வாங்கலாம் என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். நீங்கள் கேட்டால்தானே? "வடலூர்லாம் ஒரு ஊரா ஸ்டெல்லா? கப்பல் வந்த ஊரு எங்க கடலூரு" என்றீர்கள்.

கப்பல் வந்த ஊர்தான், யார் இல்லை என்றது? அந்தக் கப்பலும் கரைக்கு வராமல் கடலில் தள்ளியே நிற்கும். உங்கள் அப்பா படகில் போய் மூட்டை இறக்கிவிட்டு, முதுநகரில் ஒற்றை அறை வாடகை வீட்டுக்குத் திரும்புவார். அந்த ஊரில் சொந்த வீடு என்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய வெறி என்று எனக்குத் தெரியாதா?

வெள்ளைக்காரன் கடலூர்க் கோட்டையை வாங்கியபோது பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த இடம் வரைக்கும் தனக்கு என்று எடுத்துக்கொண்ட கதையை எத்தனை தடவை சொன்னீர்கள்! குண்டு உப்பலவாடிக்குப் பேர் வந்ததே அதனால்தான் என்று பெருமை வேறு. அங்கே குடியிருந்தவனை அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்த ஊரின் தலையெழுத்தே அதுதான். டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன் என்று வந்தவனெல்லாம் அதன் மேல் ஆசைப்பட்டான். கடைசியில் நீங்களும் அதே குண்டு உப்பலவாடியில் போய் மனை பார்த்தீர்கள்.

நாம் போனது சித்திரை வெயிலில். பெண்ணையாறு வெறும் மணலாகக் கிடந்தது. புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இது ஆத்து வழிம்மா. மழ காலத்துல ஒரு வாட்டி வந்து பாத்துகினு அப்பறமா வாங்குங்க."

உங்களிடம் சொன்னேன். சிரித்தீர்கள். "முப்பது வருஷமா மைன்ஸுல தண்ணிய எறச்சவன் நானு. தண்ணியப் பத்தி எனக்கு அந்தம்மா சொல்லித் தரணுமா?" சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை பம்ப் வைத்து வெளியேற்றுவதுதான் உங்கள் வேலை. அங்கே சுவிட்ச் உங்கள் கையில் இருந்தது. பெண்ணையாற்றுக்கு ஏதுங்க சுவிட்ச்?

வீட்டைக் கட்டி முடித்து, ரிட்டயர் ஆகி, நாலே மாதத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். நான் தனியாகக் குடிபோனேன். இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருடத்து மழையில் ஆறு கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. ஜன்னல் முழுகிவிட்டது. மாடிப்படியில் நனைந்தபடி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளும் உங்களைத் திட்டினேன். திட்டு வாங்கவாவது இந்த மனுஷன் இருந்திருக்கலாமே என்று அழவும் செய்தேன்.

தண்ணீர் வடிந்ததும் மகன் என்னை இங்கே கூட்டிவந்துவிட்டான். வீட்டை விற்றுவிட்டு வடலூரில் சின்னதாக ஒன்று வாங்கலாம் என்றான் சேவியர். எங்களுக்கு வேறு வழியும் இல்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியாமல் பச்சை டிஸ்டெம்பர் அடித்தான். "யாராச்சும் கேட்டா நீ வாயத் தொறக்காத. நமக்கு மட்டும் யாரு சொன்னாங்க?" என்றான். சொன்னார்கள் என்பது நமக்குத்தானே தெரியும்.

போன மாதம் வீடு பார்க்க வந்தது யார் தெரியுமா? உங்கள் செக்‌ஷன் குமரேசன், பெண்டாட்டியோடு. அடுத்த வருடம் அவனுக்கும் ரிட்டயர்மென்ட். அந்தப் பெண் கொல்லைப்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்துத் தண்ணி வருமாக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் பேசுவதற்குள் குமரேசன் முந்திக்கொண்டான். "அந்த வெள்ளத்துலயே கணுக்கால் அளவுதான்னு சேவியர் தம்பி சொல்லிடுச்சு. அதுவும் அந்தோணி அண்ணன் பாத்து வாங்குன எடம். அவருக்குத் தெரியாத தண்ணியா? அண்ணன் பேரு ஒண்ணு போதும்."

சேவியர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நெய்வேலியில் நீங்கள் விட்டுப்போனது அந்த நல்ல பேர் ஒன்றுதான். எனக்கும் வேறென்ன மிச்சம்?

"குமரேசா, உங்க அண்ணனுக்கு பம்ப் தெரியும், ஆறு தெரியாது. இந்த ஜன்னல் முழுகிப்போச்சுப்பா. வாங்காதீங்க" என்றேன்.

அவன் முகம் கறுத்துவிட்டது. செத்தவரை அவமானப்படுத்துகிறேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டான். அவன் பெண்டாட்டி மட்டும் என் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து சேவியர் என்னோடு பேசுவதில்லை. தட்டை நகர்த்தி வைக்கிறான், அவ்வளவுதான்.

தை பிறந்ததும் நான் அந்த வீட்டுக்கே போகிறேன். மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டால் மழைக்காலம் ஓடிவிடும். அந்த வீட்டை யார் தலையிலும் கட்ட மாட்டேன். எவர் வந்து விலை கேட்டாலும், என் புருஷன் ஆறு தெரியாமல் வாங்கிவிட்டார் என்றுதான் சொல்வேன். இது சத்தியம். கோபம் வந்தால் நேரில் வந்து சண்டை போடுங்கள்.

இப்போதும் உங்கள் மனைவிதான்,
ஸ்டெல்லா