டிராயிங் பீரியடில் இரங்கல் கூட்டம்

வியாழன், திருத்தணி.

தாத்தா டிராயிங் மாஸ்டராக இருந்த பள்ளியில் இன்று அவருக்கு இரங்கல் கூட்டம். "பரீட்சை வருது, உங்க பீரியடக் குடுங்க சார்" என்று வருடம் முழுக்க அவர் வகுப்பைப் பறித்த கணக்கு வாத்தியார்தான் மைக்கில் விம்மினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாத்தா தலையாட்டிவிட்டுக் கொடுத்துவிடுவார். அப்படிக் கொடுத்த நாட்களில் சாயங்காலம் என் தட்டில் தோசையை மயிலாகப் பிய்த்து வைத்து, நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கூட்டம் முடிந்ததும் அந்த ஆளிடம், "எங்களால பசங்க பாடம் கெட்டுப்போச்சா சார்?" என்று குத்தலாகத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. பாத்துதான் டிராயிங் பீரியட்ல வச்சிக்கினோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருக்க வேண்டும். நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். த்தூ!